ஆற்றுப்படுத்தலும் தொடர்பறாமையும்: கொங்கு மண்டலத் தனியார் உளவழிச் சிகிச்சைப் பணியில் பரிந்துரைத் தொடர்வலை

ஆய்வுச் சுருக்கம்

தனியார் உளவழிச் சிகிச்சை நிலையம் எதுவும் தனித்து இயங்க இயலாது. மருந்து தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடமும், உடல்நோய் ஐயம் உள்ளோரைப் பொது மருத்துவரிடமும், சட்டப் பாதுகாப்பு வேண்டுவோரை உரிய அமைப்பிடமும் அது அனுப்ப வேண்டியுள்ளது. அவர்களிடமிருந்து வருவோரை ஏற்கவும் வேண்டியுள்ளது. இவ்விருவழி உறவே பரிந்துரைத் தொடர்வலை எனப்படுகிறது. கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு மண்டலத்தில் இத்தொடர்வலை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஆற்றுப்படை மரபு, நடப்புச் சட்டங்கள், தற்கொலைத் தடுப்பு ஆய்வொன்றின் முடிவு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பரிந்துரை முகவரி தருவதோடு முடிவதன்று. அனுப்பப்பட்டவர் சென்று சேர்ந்த செய்தி திரும்பி வரும்போதே அது நிறைவுறுகிறது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படுத்தல், உளவழிச் சிகிச்சை, பரிந்துரை மடல், கொங்கு மண்டலம், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தொடர்பறாமை

1. முன்னுரை

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்ததாக அது கணித்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோர் அளவு, குறைபாட்டின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. இவ்விடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். மருத்துவமனைகள் நிறைந்த கோயம்புத்தூர் போன்ற நகரில் மற்றொரு காரணமும் உண்டு. உதவி இருக்கும் இடத்திற்கும் அது தேவைப்படுவோர் நிற்கும் இடத்திற்கும் நடுவே வழி அறுந்து கிடக்கிறது.

1966இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி முதல் அவினாசி சாலையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் வரை மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. இவற்றுக்கு வெளியே மருத்துவ உளவியலாளர்களும் உளவியல் ஆலோசகர்களும் தனியே நிலையம் வைத்துப் பணியாற்றுகின்றனர். புதிதாக நிலையம் தொடங்குவோர் பலர் பரிந்துரைத் தொடர்வலையை வாடிக்கையாளரைப் பெருக்கும் வழியாகவே எண்ணத் தலைப்படுவர். அவ்வெண்ணம் குறையுடையது என்பதைக் காட்டத் தமிழ் மரபிலேயே ஒரு சொல் உள்ளது.

2. ஆற்றுப்படை மரபும் பரிந்துரையும்

தமிழ்நாட்டின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் உள்ள ஆலோசகர் பணியிடம் ‘ஆற்றுப்படுத்துநர்’ என வழங்கப்படுகிறது. இலங்கைத் தமிழிலும் உளவளத்துணை என்னும் சொல்லோடு ஆற்றுப்படுத்தல் என்னும் சொல்லும் பயில்கிறது. புண்ணை ஆற்றுதல், சினத்தை ஆற்றுதல் என்னும் பொருள் இன்றைய காதுக்கு முதலில் எட்டினும், இதன் மூலப்பொருள் ஆற்றின்கண், அதாவது வழியின்கண், ஒருவரைச் செலுத்துதல் ஆகும்.

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்றவர் பெறாதவரை வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் சுட்டுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்துவன. இந்நான்கிலும் பரிந்துரைக்குப் பொருந்தும் மூன்று கூறுகளைக் காணலாம்.

முதலாவது, வழிகாட்டுபவன் தானே அங்குச் சென்று வந்தவன். கேள்விப்பட்டதை அவன் சொல்வதில்லை. இரண்டாவது, அவன் வழியை விரித்துரைக்கிறான். நல்லியக்கோடனிடம் அனுப்பும் சிறுபாணாற்றுப்படை எந்த நிலத்தில் யார் எவ்வுணவு தருவர் என்று கூறுகிறது. நன்னனிடம் அனுப்பும் மலைபடுகடாம் பன்றிப்பொறிகள், பாம்புகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் என வழியிலுள்ள இடர்களையும் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. மூன்றாவது, வழிகாட்டியதற்காக அவன் எவரிடமும் பங்கு கேட்பதில்லை.

ஒப்புமை இவ்விடத்தோடு நிற்கிறது. ஆற்றுப்படுத்தப்பட்ட பாணன் வள்ளலை அடைந்தானா என்பதை ஆற்றுப்படை நூல்கள் கூறுவதில்லை; வழி சொல்லியதோடு அவற்றின் பணி முடிகிறது. மேலும், பாணன் தன் வறுமையை வெளிப்படையாகப் பேசலாம். உளத்துயருடன் வருபவர்க்கோ மறைகாப்பு தேவை. எனவே இக்காலப் பரிந்துரை, மரபிலிருந்து மூன்று கூறுகளைப் பெற்றுக்கொண்டு, மறைகாப்பு, மீள்செய்தி என்னும் இரண்டைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

3. கொங்கு மண்டலத்தில் நோயர் வரும் வழிகள்

உளத்துயர் இம்மண்டலத்தில் பெரும்பாலும் உடல்மொழியிலேயே முதலில் பேசப்படுகிறது. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, தலைப்பாரம், ‘நரம்புத் தளர்ச்சி’ என்றே நோயர் தம் நிலையைச் சொல்கின்றனர். ஆதலால் அவர்கள் முதலில் அணுகுவது ஊரிலுள்ள குடும்ப மருத்துவரையே. அங்கிருந்து இதயநோய் வல்லுநர், நரம்பியல் வல்லுநர், வயிற்றுநோய் வல்லுநர் எனச் சுற்றி, பரிசோதனைகள் யாவும் ‘நார்மல்’ என வந்த பின்னரே உளவியலாளரைப் பற்றிய பேச்சு எழுகிறது. ஆகவே தொடர்வலையின் முதற்கண்ணி குடும்ப மருத்துவர் எனலாம்.

இரண்டாவது வழி கல்வி நிலையங்கள். கோயம்புத்தூரின் பொறியியல் கல்லூரிகளும், நாமக்கல், இராசிபுரம் பகுதிகளின் விடுதிப் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் மாணவர் செறிந்தவை. 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்கான மனநல வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிலையங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதினும் குறைந்த எண்ணிக்கையுடையவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களுடன் முறையான பரிந்துரைத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என அவை கூறுகின்றன. அதுவரை விருப்பத்தைச் சார்ந்திருந்த பரிந்துரை உறவு இதனால் கடமையாகியுள்ளது.

மூன்றாவது வழி தொழிற்களம். திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் தொழிலாளர் பெருந்தொகையினராக உள்ளனர். தமிழ் மட்டும் அறிந்த ஆலோசகரிடம் அவர்களை அனுப்புவது அனுப்பாமைக்கு நிகராகும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை (14416) பல இந்திய மொழிகளில் இயங்குவதால் இங்குத் தொடர்வலையின் ஒரு கண்ணியாக அமையத்தக்கது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உடைய தொழிலாளர்க்குக் கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ப் பகுதியிலுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை செலவில்லா வழியாகும்.

நான்காவது வழி குடும்பநல நீதிமன்றமும் வழக்குரைஞரும். குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 12ஆம் பிரிவு மருத்துவ, நல வல்லுநர்களின் உதவியை நீதிமன்றம் பெற இடமளிக்கிறது. இவ்வழி வருவோரிடம் ஒரு தெளிவு இன்றியமையாதது. சிகிச்சை அளிப்பவர் அதே வழக்கில் மதிப்பீட்டு அறிக்கை தருபவராகவும் இருத்தல் பாத்திர முரணை உண்டாக்கும். இரண்டில் ஒன்றை ஏற்று, மற்றதற்கு வேறொருவரிடம் அனுப்புவதே முறை.

இவ்வழிகள் அனைத்திற்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. பங்காளி, மாமன் மச்சான் உறவுகள் அடர்ந்த சிற்றூர்களில் ஒருவர் எந்த மருத்துவரிடம் செல்கிறார் என்பது விரைவில் பரவும். வரன் பார்க்கும் காலத்தில் அது பேச்சாகும். பொள்ளாச்சியிலோ கோபிசெட்டிபாளையத்திலோ உதவி கிடைத்தாலும் சிலர் கோயம்புத்தூருக்கே வர விரும்புவது இதனாலாகும். அருகிலுள்ளதே சிறந்தது என்னும் பொதுவிதி உளநலப் பரிந்துரைக்கு எப்போதும் பொருந்தாது. எங்குச் செல்ல விருப்பம் என்பதை நோயரிடமே கேட்டறிதல் வேண்டும்.

4. தகுதியும் எல்லையும்

யாரை யாரிடம் அனுப்பலாம் என்பது தகுதி பற்றிய அறிவைப் பொறுத்தது. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், 1992இன்கீழ்ப் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டத்திற்குமேல் மனநல மருத்துவத்தில் முதுநிலைத் தகுதி பெற்றவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு, உளவியலாளருக்கு இல்லை. மருத்துவ உளவியலாளர் அல்லாத பிற உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரைத் துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. ‘கவுன்சிலர்’ என்னும் பலகை மட்டும் தகுதிக்குச் சான்றாகாது. எனவே தொடர்வலையில் ஒருவரைச் சேர்க்குமுன் அவரது பதிவையும் பயிற்சியையும் கேட்டறிதல் குறைகாணல் ஆகாது; அது நோயர்க்குச் செய்யும் கடமையாகும்.

தன் எல்லையை அறிதலும் இதனுள் அடங்கும். சோர்வும் எடை மாற்றமும் தைராய்டுக் குறைவாலும், மறதியும் தளர்ச்சியும் வைட்டமின் பி12 குறைவாலும் தோன்றலாம். அவற்றை மனச்சோர்வு எனக் கொண்டு பல அமர்வுகள் நடத்தியபின் உண்மை தெரியவருமாயின் இழப்பு நோயருடையது. அவ்வாறே இல்லாத குரல்கள் கேட்டல், பல நாள் உறக்கமின்றியும் மிகு ஊக்கத்துடன் திரிதல், குழந்தைப்பேற்றுக்குப்பின் திடீர் மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் மனநல மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும்.

சில நிலைகளில் அனுப்புதல் விருப்பத்திற்குரியதன்று. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி அறிய நேர்ந்தால், போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தல் கட்டாயம். தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. இவ்வரம்பை முதல் அமர்விலேயே நோயர்க்கோ பெற்றோர்க்கோ விளக்கிவிடல், பின்னர் நம்பிக்கை முறியாமல் காக்கும்.

5. பரிந்துரை மடல்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு மனநோய் உடையவரின் மறைகாப்பு உரிமையை உறுதிசெய்கிறது. சிகிச்சைக்குத் தேவையான செய்தியைப் பிற வல்லுநர்க்குத் தருவதற்கு அப்பிரிவிலேயே விலக்கு உள்ளது. ஆயினும் விலக்கு இருப்பதாலேயே அனைத்தையும் எழுதிவிடலாகாது. அடுத்தவர் தம் பணியைத் தொடங்கத் தேவையானது எதுவோ அதுவே மடலின் அளவு. மடலை அனுப்புமுன் நோயர்க்குப் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவது நன்று. எடுத்துக்காட்டாக, சோமனூரைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவருக்காகக் குடும்ப மருத்துவருக்கு எழுதப்படும் மடல் பின்வருமாறு அமையலாம் (இது விளக்கத்திற்காகப் புனையப்பட்டது):

“மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய 34 வயதுப் பெண்மணியை இருமுறை சந்தித்தேன். திடீரென நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் நிகழ்வுகள் பதற்றக் கோளாற்றை ஒத்துள்ளன; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தற்போது இல்லை. வாரம் ஒரு அமர்வாக எட்டு வாரம் சந்திக்கத் திட்டமிட்டுள்ளேன். தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றைத் தாங்கள் ஒருமுறை பார்த்தருள வேண்டுகிறேன். இம்மடல் அவரது ஒப்புதலுடன் எழுதப்பட்டது. ஆறு வாரங்களில் மீண்டும் தெரிவிப்பேன்.”

இம்மடலில் குடும்பச் சண்டையோ கடனோ இடம்பெறவில்லை. படிக்க ஒரு நிமிடம் போதும். கண்டது, ஐயுறுவது, தான் செய்யவிருப்பது, மற்றவரிடம் வேண்டுவது, மீண்டும் எழுதும் காலம் ஆகிய ஐந்தும் உள்ளன. நெரிசலான புறநோயாளர் பிரிவில் அமர்ந்திருக்கும் மருத்துவரிடம் நம்பிக்கையை ஏற்படுத்துவது விளம்பர அட்டையன்று. இத்தகைய மடலே ஆகும். வாட்ஸ்அப் குழுக்களில் நோயர் பெயருடன் செய்தி பகிர்வது இம்மறைகாப்பு நெறிக்கு நேர்மாறானது என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

6. தொடர்பறாமை: ஓர் ஆய்வு காட்டும் உண்மை

அனுப்பப்பட்டவர் சென்றாரா என்று கேட்பது மரியாதைச் செயல் போலத் தோன்றலாம். அது உயிர்காக்கும் செயல் என்பதற்குச் சான்று உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வை நடத்தி, அதன் முடிவை 2008இல் வெளியிட்டது. தற்கொலை முயற்சிக்குப்பின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றக் குழுவினர்க்கு வீடு திரும்பும் வேளையில் ஒரு மணிநேர விளக்க உரையாடலும், பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி அல்லது நேரில் நலம் விசாரித்தலும் சேர்க்கப்பட்டன. 18 மாத முடிவில் முதற்குழுவில் 2.2 விழுக்காட்டினரும், இரண்டாம் குழுவில் 0.2 விழுக்காட்டினரும் தற்கொலையால் இறந்திருந்தனர். விலையுயர்ந்த மருந்தோ கருவியோ சேர்க்கப்படவில்லை. தொடர்பு அறாமல் காக்கப்பட்டது.

இம்முடிவு கொங்கு மண்டலத்திற்கு மிக நெருங்கியது. பூச்சிக்கொல்லியாலும், மேற்கு மாவட்டங்களில் வாசல் தெளிக்கப் புழங்கிவந்த சாணிப்பவுடர் என்னும் செயற்கைச் சாயத்தாலும் தம்மை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வருவோரை இப்பகுதி அவசரப் பிரிவுகள் நெடுங்காலமாக அறியும். உடல் தேறியதும் அவர்கள் வீடு திரும்புகின்றனர். ‘மனநல மருத்துவரைப் பார்க்கவும்’ என்னும் ஒரு வரி மட்டும் சீட்டில் இருப்பின், தாராபுரத்திற்கோ அந்தியூருக்கோ திரும்பும் குடும்பம் அவ்வரியை நிறைவேற்றும் என எதிர்பார்க்க இயலாது. காவல்துறை அச்சமும் ஒரு காலத்தில் இதற்குத் தடையாக இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுக்கு நேரான பிரிவு இல்லை. சட்டத்தடை நீங்கிய இக்காலத்தில், அவசரப் பிரிவுக்கும் உளவியலாளருக்கும் இடையிலான கண்ணியே தொடர்வலையில் முதன்மையாக வலுப்பட வேண்டியது எனலாம்.

7. பொருள் கைமாறா உறவு

பரிந்துரைக்குத் தரகு தருவதும் பெறுவதும் சில துறைகளில் வழக்கமாகிவிட்டதாகப் பேசப்படுகிறது. இந்திய மருத்துவ மன்றத்தின் தொழில்நெறி ஒழுங்குமுறைகள், 2002இன் 6.4ஆம் கூறு, நோயரை அனுப்புவதற்கு ஈடாக எவ்வகைப் பரிசும் தரகும் மருத்துவர் தருவதையும் பெறுவதையும் தடைசெய்கிறது. 2023இல் வெளியான புதிய ஒழுங்குமுறைகள் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டமையால் இதுவே நடைமுறையில் உள்ளது. எனவே தரகு தர முன்வரும் உளவியலாளர் மருத்துவரை நெறிமீறலுக்கு அழைக்கிறார் என்பதே பொருள். தரகு நுழைந்த இடத்தில் யாருக்கு எது பொருந்தும் என்னும் வினா மறைந்து, யார் எவ்வளவு தருவார் என்னும் வினா எழும். நோயரைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும் என்னும் ஆசையும் இதன் மறுவடிவமே.

8. வழிபாட்டுத் தலங்களும் தொடர்வலையும்

பூசாரி, மந்திரிப்பவர், சோதிடர் ஆகியோரை நோயர் முதலில் நாடுவதை ஏளனம் செய்யும் வல்லுநர், நோயர் தம்மிடம் உண்மை பேசும் வாய்ப்பை இழக்கிறார். மறுபுறம், சிகிச்சையின்றி வழிபாட்டுத் தலத்தில் கட்டிவைப்பதன் கொடுமையைத் தமிழகம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நிகழ்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். பின்னாளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகத் தர்காவை ஒட்டியே சிகிச்சை அளிக்கும் முறை அங்கு வந்தது. வேண்டுதலைக் கைவிடச் சொல்லாமல் மருந்தையும் உடன் சேர்ப்பது அதன் நெறி. கொங்கின் சிற்றூர்களிலும் கோயிற்பூசாரியைத் தொடர்வலைக்கு வெளியே நிறுத்துவதைவிட, எவ்வகை அறிகுறி கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அவரோடு பேசி வைப்பது பயன் தரும்.

9. கட்டமைக்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து செயல்முறை ஒன்றை வரையறுக்கலாம். முதலாவதாக, நிலையம் தொடங்குபவர் மனநல மருத்துவர் இருவர், குடும்ப மருத்துவர் சிலர், மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வழக்குரைஞர் எனச் சிறுபட்டியல் ஒன்றை அமைத்தல் வேண்டும். ஒரே துறைக்கு இருவரேனும் இருப்பின் நோயர்க்குத் தெரிவுரிமை இருக்கும். இரண்டாவதாக, ஒவ்வோரிடத்திற்கும் நேரில் சென்று, கட்டணம், காத்திருக்கும் காலம், பேசும் மொழி, பெண் வல்லுநர் உளரா, பேருந்து வசதி ஆகியவற்றை அறிந்து எழுதிக்கொள்ளல் வேண்டும். சென்று வந்தவனே வழி சொல்லத் தக்கவன். மூன்றாவதாக, அனுப்பும்போது ஏன் அனுப்பப்படுகிறார், அங்கு என்ன நடக்கும், எவ்வளவு செலவாகும், தன் சந்திப்பு தொடருமா என்பதை நோயர்க்கு விளக்க வேண்டும். காரணம் சொல்லாத பரிந்துரையை நோயர் கைவிடப்பட்டதாகவே உணர்வார். நான்காவதாக, நோயரின் ஒப்புதலுடன் ஒரு வாரத்திற்குள் அவர் சென்று சேர்ந்தாரா என விசாரித்துப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். சேரவில்லையெனில் தடை எது என அறிந்து வேறு வழி காண வேண்டும். ஐந்தாவதாக, அனுப்பிய மருத்துவருக்கு மீள்மடல் எழுதத் தவறலாகாது.

10. முடிவுரை

பரிந்துரைத் தொடர்வலையின் வலிமையை எத்தனை பேர் வந்தனர் என்னும் எண்ணிக்கையால் அளப்பதே வழக்கம். அனுப்பப்பட்டவருள் எத்தனை பேர் சென்று சேர்ந்தனர் என்பதே அதனினும் பொருத்தமான அளவுகோல் என்பது இக்கட்டுரையால் பெறப்படும் முடிவாகும். ஆற்றுப்படை மரபு வழியறிவையும், இடர் மறையா உரையையும், பங்கு கேளாப் பண்பையும் தருகிறது. சட்டம் மறைகாப்பையும் எல்லையையும் வரையறுக்கிறது. சென்னையும் கொழும்பும் பங்கேற்ற ஆய்வு தொடர்பறாமையின் பயனைக் காட்டுகிறது. கொங்கு மண்டல அவசரப் பிரிவுகளிலிருந்து வீடு திரும்புவோருள் எத்தனை பேர் உளநல உதவியைச் சென்றடைகின்றனர் என்பது மாவட்டவாரியாகக் களஆய்வு செய்யப்பட வேண்டிய வினாவாகும். அவ்வாய்வை உளவியல், சமூகப்பணி, தமிழியல் ஆகிய துறைகள் இணைந்து மேற்கொள்ளுமாயின், தனியார் நிலையங்களும் அரசு மருத்துவமனைகளும் பொதுவில் பின்பற்றத்தக்க தமிழ்ப் பரிந்துரை மடல் வடிவம் ஒன்றையும் உருவாக்க இயலும்.